பெரிய விமானம் என்றால் பெரிய சுகமா?

நெமிலியில் ஒரு தாய். அமெரிக்காவில் மகன். பேரனைப் பார்க்கப் புறப்பட வேண்டும். தாய்க்கோ முழங்கால் வலி. "காசு போனால் போகட்டும். பெரிய விமானமாகப் பார்த்து, படுத்துக்கொண்டே வாங்கம்மா" என்கிறான் மகன்.

மகனின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் பெரிய விமானத்தில்தான் சுகம் இருக்கிறதா?

1971-ல் ஏர் இந்தியா 'ஜம்போ' விமானத்தை வாங்கியது. அசோகர், ராஜேந்திர சோழன் என்று மன்னர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். உள்ளேயே மாடிப்படி! மேலே பணக்காரப் பிரயாணிகளுக்கு ஓய்வறை! பெரிய விமானம்தான் சுகம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது.

அது முழுப் பொய்யும் அல்ல. கனமான விமானம் காற்றில் அவ்வளவாகக் குலுங்காது. உள்ளே கால் வீசி நடக்கலாம். ஜம்போவின் உள் அகலம் சுமார் 20 அடி. நடுவில் ஒரே நடைவழி உள்ள சிறிய விமானத்தில் 12 அடிதான்.

ஆனால் உடம்பை அலுக்க வைப்பது காற்று. பழைய விமானங்களுக்குள் காற்றழுத்தம் சில நேரம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். அதாவது ஊட்டியையும் விட உயரம்! தலை கனக்கும், தொண்டை வறளும். ஜம்போவும் அப்படித்தான். அதைவிடச் சிறியது போயிங் 787. கார்பன் இழையால் செய்த உடம்பு. அழுத்தத்தைத் தாங்கும், துருப்பிடிக்காது. அதனால் உள்ளே அழுத்தத்தையும் ஈரத்தையும் கூட்டி வைக்கிறார்கள். 6,000 அடி, நம் குன்னூர் மாதிரி.

அடுத்தது ஆசனம். சில பழைய பெரிய விமானங்களில், பல மடங்கு விலை கொடுக்கும் பிசினஸ் வகுப்பிலும் இரண்டு, மூன்று, இரண்டு என்று ஆசனங்கள் இருக்கும். நடுவில் மாட்டியவர் எழுந்தால், பக்கத்தில் தூங்குபவரைத் தாண்ட வேண்டும். ஐபீரியா நிறுவனம் 2024-ல் சிறிய ஏ321 எக்ஸ்.எல்.ஆர். விமானத்தை அட்லாண்டிக் கடல் தாண்டி விட்டது. அதில் பிசினஸ் வகுப்பில் பக்கத்துக்கு ஒரே ஆசனம். யாரையும் தாண்ட வேண்டாம்!

இரண்டு மாடி ஏ380 விமானத்தைக் கட்டுவதையே 2021-ல் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே மகன் டிக்கெட் வாங்கும்போது விமானம் எத்தனை பெரிது என்று கேட்டால் போதாது. எந்த ரகம், ஆசனம் தட்டையாக விரியுமா, இரவில் அம்மா கழிப்பறைக்கு எழுந்தால் வழி நேராக இருக்கிறதா? பணம் கட்டுமுன் ஆசன வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.