சிறு நிறுவனங்களும் பெரும் போர்களும்: இராணுவத் தொழில்நுட்பத்தின் பேசப்படாத கணக்கு

2025 செப்டெம்பர் 30ஆம் திகதி அமெரிக்காவில் ஒரு சட்டத்தின் ஆயுள் ஓசையின்றி முடிவடைந்தது. அதே இரவு அரச செலவினங்களுக்கான ஒதுக்கீடும் தீர்ந்து மத்திய அரச அலுவலகங்கள் முடங்கியதால், ஊடகங்களின் கவனம் முழுவதும் அங்கேயே இருந்தது. காலாவதியானது ‘சிறு வணிகப் புத்தாக்க ஆய்வுத் திட்டம்’. நாற்பது வருடங்களுக்கு மேலாக அமெரிக்க இராணுவத்துக்குப் புதிய தொழில்நுட்பங்களைக் கொண்டுவந்து சேர்த்த வாய்க்கால் அது. அந்த இரவுக்குப் பின்னர் மாதக்கணக்கில் புதிய நிதி எவருக்கும் வழங்கப்படவில்லை.

இது வொஷிங்டனின் உள்வீட்டு விவகாரம்தானே என்று தோன்றலாம். ஆனால், போரை அதன் ஆயுதங்களின் சத்தத்தால் அறிந்த சமூகம் எங்களுடையது. அந்த ஆயுதங்கள் எந்த அறையில், யாருடைய பணத்தில், என்ன கணக்கில் கருக்கொள்கின்றன என்பதைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இந்தத் திட்டம் நல்ல வாசல் என்று நினைக்கிறேன்.

1982 ஜூலையில் ஜனாதிபதி ரீகன் ஒப்பமிட்ட சட்டம் இது. வெளியாருக்குக் கொடுத்துச் செய்விக்கும் ஆய்வுகளுக்காக ஆண்டுக்கு 100 மில்லியன் டொலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு அரச நிறுவனமும், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். ஆரம்பத்தில் 0.2 வீதமாக இருந்த அந்தப் பங்கு படிப்படியாக 3.2 வீதமாக உயர்ந்தது. 500 பேருக்கு மேற்படாத ஊழியர்களைக் கொண்டதே சிறு நிறுவனம். ஆண்டுக்கு 4 பில்லியன் டொலர் அளவிலான இந்த நிதியில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது.

நிதி மூன்று கட்டங்களில் நகர்கிறது. முதற்கட்டத்தில், யோசனை சாத்தியமா என்று பார்க்கச் சில மாதங்களுக்கு ஒரு சிறு தொகை. இரண்டாம் கட்டத்தில், மாதிரிக் கருவியைச் செய்து காட்ட ஏறக்குறைய இரண்டு வருடங்களும், ஒன்று இரண்டு மில்லியன் டொலரும். மூன்றாம் கட்டம், இராணுவமோ சந்தையோ அதை வாங்குவது. அந்தக் கட்டத்துக்கு இத்திட்டத்தில் ஒரு சதமும் இல்லை.

சிறு நிறுவனங்களை இராணுவம் ஏன் தேடுகிறது? லொக்ஹீட் மார்ட்டின் போன்ற பெரும் நிறுவனங்கள் தசாப்தங்கள் நீளும் ஒப்பந்தங்களில் வாழ்பவை. கேட்கப்படாத ஒன்றைச் செய்துபார்க்க அவற்றுக்குத் தேவை எழுவதில்லை. ஐந்தாறு பொறியியலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கடை அப்படியல்ல. அது தோற்றால் அரசுக்கு நட்டம் சொற்பம். வென்றால் இலாபம் பெரிது. சுருக்கமாகச் சொன்னால், தோல்வியைச் சுமக்கும் வேலையை அரசு குறைந்த விலைக்கு வெளியே கொடுத்திருக்கிறது.

சிக்கல் இரண்டாம் கட்டத்தின் முடிவில் தொடங்குகிறது. பென்டகனின் வரவு செலவுத் திட்டம் இரண்டு வருடங்களுக்கு முன்பே வரையப்படுகிறது. இன்று தயாராகும் கருவிக்கு அதில் இடம் கிடைக்கும்வரை அந்தக் கடை ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை அந்தத் துறையினர் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்கிறார்கள்.

அதைத் தாண்ட மூன்று வழிகளைக் காண்கிறேன்.

முதலாவது, தாண்டாமலே வாழ்வது. ஒரு நிதி முடிந்ததும் அடுத்ததற்கு விண்ணப்பித்து, ஆய்வறிக்கைகளையே தொழிலாக்கிக்கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றைக் கட்டுப்படுத்த, ஒரு நிறுவனம் தன் ஆயுளில் பெறக்கூடிய நிதிக்கு 75 மில்லியன் டொலர் உச்சவரம்பு வேண்டும் என்று செனட்டின் சிறு வணிகக் குழுத் தலைவர் ஜோனி எர்ன்ஸ்ட் 2025இல் முன்மொழிந்தார். அதே குழுவின் ஜனநாயகக் கட்சித் தரப்பு முதல்வர் எட் மார்க்கி உடன்படவில்லை. சட்டம் காலாவதியாக இந்த இழுபறியும் ஒரு காரணம். எர்ன்ஸ்டின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால், செய்து முடித்ததை வாங்காத அரசுதான் அந்த நிறுவனங்களை விண்ணப்பம் எழுதுபவையாக மாற்றியது என்பதும் உண்மை.

இரண்டாவது, விலைபோவது. மூன்றாவது, ஒரு போர் வருவது. இந்த இரண்டையும் ஐரோபொட் நிறுவனத்தின் கதையில் ஒன்றாகப் பார்க்கலாம். வீட்டுத் தரையைச் சுத்தம் செய்யும் ‘ரூம்பா’வால் அறியப்பட்ட இந்நிறுவனம் தன் ஆரம்ப காலத்தில் இத்திட்டத்தின் நிதியையும் பெற்றது. அதன் ‘பெக்பொட்’ ரோபோ 2001இல் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளுக்குள்ளும், 2002இல் ஆப்கானிஸ்தானின் குகைகளுக்குள்ளும் அனுப்பப்பட்டது. பின்னர் ஈராக்கில் வீதியோரக் குண்டுகளை அகற்ற ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்டது. அது உயிர்களைக் காப்பாற்றிய கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால், அதைப் பள்ளத்தாக்கின் மறுகரையில் சேர்த்தவை இரண்டு போர்கள். போர்கள் சுருங்கியதும் கேள்வியும் சுருங்கியது. 2016இல் ஐரோபொட் தன் பாதுகாப்புப் பிரிவை விற்றது. அது 2019இல் ஃப்ளிர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2021இல் ஃப்ளிரையே டெலிடைன் வாங்கியது. சிறு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு பெருநிறுவனத்தின் சொத்தாயிற்று.

இதன் உச்சத்தை இன்று உக்ரேனில் காண்கிறோம். 2023 ஏப்ரலில் தொடங்கிய ‘பிரேவ்1’ என்ற அரச தளம், சிறு ட்ரோன் பட்டறைகளை நேரடியாகப் படையணிகளுடன் இணைக்கிறது. காணொளியால் உறுதிப்படுத்தப்பட்ட தாக்குதல்களுக்குப் படையணிகள் புள்ளிகள் பெறுகின்றன. அந்தப் புள்ளிகளைக் கொடுத்து ட்ரோன்களை வாங்குகின்றன. எது வேலை செய்கிறது என்ற செய்தி சில நாட்களில் பட்டறைக்குத் திரும்புகிறது. இங்கே மரணப் பள்ளத்தாக்கு இல்லை. ஏனென்றால் மரணமே அளவுகோலாகிவிட்டது. படையெடுக்கப்பட்ட நாடு தன்னைக் காக்கச் செய்வதை நான் குறை கூறவில்லை. ஆனால், போர் ஓய்ந்தபின் அந்தப் பட்டறைகள் எதை, யாருக்கு விற்கும் என்ற கேள்வி உக்ரேனோடு நிற்கப்போவதில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே பாதைதான். 2018 ஏப்ரலில் சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் இந்தியப் பிரதமர் மோடி ‘ஐடெக்ஸ்’ திட்டத்தைத் தொடக்கிவைத்தார். தெரிவாகும் தொடக்க நிறுவனங்களுக்கு 1.5 கோடி இந்திய ரூபாய் வரை மானியம். பின்னர் வந்த பிரிவில் 10 கோடி வரை. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகியவற்றை இணைத்து பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் அறிவிக்கப்பட்டது. பம்புகளும் மோட்டார்களும் செய்த கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கு இது புதிய வாய்ப்பு. வாங்குபவர் ஒரே அரசு என்பதால், காத்திருப்பின் பாரமும் அவர்களுடையதாகவே இருக்கும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அமெரிக்கத் திட்டத்தில் விண்ணப்பங்கள் மூன்று அளவுகோல்களால் மதிப்பிடப்படுகின்றன: தொழில்நுட்பத் தரம், குழுவின் தகுதி, வணிக வாய்ப்பு. இந்தக் கருவி பொதுமக்கள் நடுவே பயன்படுத்தப்பட்டால் என்ன நேரும் என்ற கேள்வி அவற்றில் இல்லை. ஓர் ஆயுதம் சர்வதேசச் சட்டத்துக்கு ஏற்புடையதா என்ற பரிசீலனை பிறகு நடக்கிறது. அதற்குள் பணமும் வருடங்களும் முதலிடப்பட்டுவிடும். இல்லை என்று சொல்வது கடினமாகிவிடும். கேட்க வேண்டிய இடம் முதற்கட்டம்.

வாங்குபவர் இருக்கும் திசையில்தான் கண்டுபிடிப்பும் ஓடும். 2009இல் போர் முடிந்த பின்னரும், முகமாலை மண்ணில் கண்ணிவெடி அகற்றுபவர்கள், அவர்களில் பலர் பெண்கள், மண்டியிட்டு அடியடியாக மண்ணைக் கிளறியே முன்னேறினார்கள். அவர்களுக்கான சிறந்த கருவியை ஒரு சிறு நிறுவனம் நாளை கண்டுபிடித்தால், அதை வாங்கப்போவது நன்கொடையில் இயங்கும் தொண்டு நிறுவனம்தான். விதைப்பவருக்கு வரவு செலவுத் திட்டம் இருக்கிறது. அகற்றுபவருக்கு நன்கொடை உண்டியல் இருக்கிறது. இராணுவ ஆய்வுக்கு இத்தனை வீதம் என்று சட்டத்தில் எழுதத் தெரிந்த அரசுகளுக்கு, அந்த ஆயுதங்கள் விட்டுச்செல்வதைத் துப்புரவாக்கும் ஆய்வுக்கு இத்தனை வீதம் என்று இன்னொரு வரியை எழுதுவது பெரிய காரியமல்ல. அதைக் கேட்கும் உரிமை வேறு எவரையும்விட எங்களுக்கு இருக்கிறது.