திறந்த கையும் அடைத்த கதவும்

சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் நிற்கும் சண்டிகர் வளாகத்திலே, காற்றின் திசைக்கெல்லாம் திரும்பும் உலோகக் கை ஒன்று உண்டு. உயரம் 85 அடி. எடை 50 டன். கொடுக்கவும் விரிந்த கை, கொள்ளவும் விரிந்த கை என்றார் அதைக் கற்பனை செய்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே. 1965இல் அவர் மறைந்தார். 1985இல்தான் கை எழுந்தது. வடித்துக் கொடுத்தது பக்ரா–நங்கல் அணைப் பட்டறை!

கையா, பறவையா என்று கேட்போர் கேட்கட்டும். நமக்குப் பெரிது அதன் காலடிப் பள்ளம். மக்கள் படிகளில் அமர்ந்து பொதுக் காரியம் பேசவென்றே மேடையோடு அமைத்த இடம் அது. நடந்ததென்ன? பாதுகாப்பு என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பேச்சுமேடை, காட்சிப் பொருளாயிற்று!

சண்டிகர் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சேலம் கோட்டை மைதானத்திலும் நாமக்கல் பூங்கா சாலையிலும் கூடி நின்றுதானே தறித் தொழிலாளியும் லாரித் தொழிலாளியும் குறை சொல்கிறார்கள்? நாளை அங்கே நீரூற்று வைக்கட்டும், புரியாத சிற்பமும் வைக்கட்டும், வரவேற்போம். கம்பிவேலி மட்டும் வேண்டாம். விரிந்த கைக்குக் கீழே வாய் மூடிய மக்கள் என்றால், அது அந்தக் கைக்கே அவமானம்!