பக்கத்துக் கதிரைக்கு இரண்டு புள்ளி



போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, கீழ் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றேன். வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர் வந்து, "அன்ரி, நீங்கள் மாதாமாதம் கார் ஓட்டுறது, பந்து அடிக்கிறது எண்டுதான் எழுதுறீங்கள். எங்கட அம்மா ஆடுற கேமைப் பற்றி ஒருக்காலும் எழுதேல்லை" என்றார்.

"அம்மா என்ன ஆடுறவ?"

"சாமான் தேடுற கேம்."

பக்கத்தில் நின்ற அம்மா, "சும்மா இரடா" என்று சொல்லிக்கொண்டு தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் இரண்டு பனிக்காலமாக அதே கேம்தான் ஓடுகிறது. ஆடுபவர்கள் 11 வயது மகனும் 78 வயது மாமியும். ஆகவே இந்த மாதம் அவற்றுக்குத்தான் புள்ளி போடப் போகிறோம்.

என்ன விளையாட்டு இது?

திரையில் ஓர் இடம் வரும். பழைய வீட்டின் பரண், மருந்துக் கடை, கப்பலின் அடித்தட்டு என்று ஏதாவது ஒன்று. நாலு குடும்பம் ஒரே நாளில் வீடு மாறியது போலச் சாமான் குவிந்து கிடக்கும். கீழே பத்துப் பன்னிரண்டு பொருட்களின் பெயர் இருக்கும்: குடை, சாவி, நண்டு, மூக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக் கிளிக் செய்தால் அதன் பெயர் பட்டியலிலிருந்து மறையும். கண்டபடி கிளிக் செய்தால் பல கேம்களில் தண்டனை உண்டு. வழி தெரியாமல் நின்றால் 'ஹின்ற்' பொத்தான் ஒரு பொருளைக் காட்டித் தரும். அதை மறுபடி அழுத்த வேண்டுமென்றால் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும்.

இந்த யோசனை கணினிக்கு முந்தியது. 'ஹைலைட்ஸ்' என்ற அமெரிக்கச் சிறுவர் சஞ்சிகை 1946இல் தொடங்கியபோதே, படத்துக்குள் பொருள் தேடும் பக்கத்தைப் போட்டது. சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டைக்காரரைக் கூட்டத்தில் தேடும் புத்தகத்தை மார்ட்டின் ஹான்ட்ஃபர்ட் 1987இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அந்தச் சட்டைக்காரர் வொலி, கனடாவில் வோல்டோ. கணினியில் இந்த வகையைப் பெரிதாக்கியது சியாட்டில் நகரத்து பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனத்தின் 'மிஸ்ரரி கேஸ் ஃபைல்ஸ்' வரிசை. அதன் முதல் கேம் 2005இல் வந்தது. அப்போது பெரும்பாலும் தேடுவதுதான் வேலை. பிற்பாடு அதோடு சாகசப் பயணமும் சேர்ந்தது. ஓர் அறையில் கண்டெடுத்த கோடரி உங்கள் பையில் இருக்கும். மூன்று அறை தாண்டி, வழியை மறிக்கும் பலகையை அதால் உடைக்க வேண்டும். இடையிடையே பூட்டு, குழாய், நகரும் சதுரம் என்று புதிர்கள் வரும்.

எங்கள் ஐந்து கேள்விகள்

ஒவ்வொரு கேள்விக்கும் 2 புள்ளி, மொத்தம் 10.

முதலாவது, ஒளித்தது நியாயமா? பொருள் கண் முன்னால் இருக்க வேண்டும். மனந்தான் அதைக் கவனிக்காமல் விட வேண்டும். ஏணியை ஒரு கதிரையின் கால்களுக்கு இடையில் நிறுத்துவது கெட்டித்தனம். அதே ஏணியை நகம் அளவாக்கி, பாதியைத் திரைச்சீலையால் மூடி, மீதியைக் கறுப்பில் கறுப்பாகப் பூசுவது ஏமாற்று.

இரண்டாவது, புதிருக்கும் கதைக்கும் தொடர்பு உண்டா? பெட்டியைத் திறக்கச் சாவி கேட்டால் சரி. சமையலறை அலுமாரியைத் திறக்க ஆறு பீங்கான் பூனைகளை வரிசையாக அடுக்கச் சொன்னால், அந்த வீட்டுக்காரர் காலையில் எப்படித் தேநீர் போட்டார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கதை யாருக்கு ஏற்றது? இந்த வகையில் பேய் வீடு, சாபம், ஆவியோடு பேசுதல் என்பன மிக அதிகம். 2007இல் வந்த 'மடம் ஃபேட்' கேமின் கதையே தன் சாவை முன்கூட்டிக் கண்ட ஒரு குறிசொல்லியைப் பற்றியது. எங்கள் சபையில் சில வீடுகளுக்கு இது வெறும் கதை. சில வீடுகளுக்கு வேண்டவே வேண்டாம். அது உங்கள் வீட்டார் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் வாங்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் நான் சொல்லிவிடுவேன். ஈஎஸ்ஆர்பி குறியீட்டையும் பாருங்கள். 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'ஈ10+' என்றால் 10 வயதுக்கு மேல், 'ரீ' என்றால் பதின்ம வயதினருக்கு. அது வயதைச் சொல்லும். உங்கள் அப்பம்மாவின் முகம் எப்படி மாறும் என்று சொல்லாது.

நான்காவது, காசும் நேரமும். ஒருமுறை காசு கொடுத்து வாங்கி, ஆடி முடித்து, எழுந்து போகக்கூடிய கேம்கள் உண்டு. 'இலவசம்' என்று வருகிற பலவற்றில் ஒவ்வொரு காட்சிக்கும் 'சக்தி' செலவாகும். அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாதபோது அல்ல, நன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நம்மை நிறுத்தும். அப்படி ஒரு கேமில் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் 42 டொலர் போனது. போக்கியது மகன் இல்லை, நான்தான். அவனுடைய ஐபாடுக்குப் பூட்டுப் போட்ட எனக்கு, என் போனுக்குப் போடத் தோன்றவில்லை.

ஐந்தாவது, பக்கத்துக் கதிரை. இன்னொருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், அவருக்கும் அதில் வேலை இருக்கிறதா? இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

மாமா காலமான பிறகு மாமி யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்தார். வந்து இறங்கியது கார்த்திகை மாதம். வெளியே கால் வைக்க முடியாத குளிர். பகல் முழுதும் சன்னலோரத்தில்தான் இருப்பார். பனியைப் பார்த்து மாமாவை நினைக்கிறார் என்று நாங்கள் பேசாமல் விட்டுவிட்டோம். மகனின் தமிழ் 'ஓம்', 'இல்லை', 'சாப்பிட்டாச்சு' என்பதோடு முடிந்துவிடும். மாமியின் ஆங்கிலம் அதிலும் குறைவு. ஒரே வீட்டில் இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டுக் கடந்து போவார்கள்.

ஒரு நாள் அவன் ஆடிக்கொண்டிருந்த பட்டியலில் 'ட்ரங்க்' என்று வந்தது. அவன் யானைத் தும்பிக்கையைத் தேடினான். பிறகு மரத்தின் அடியைத் தேடினான். கிடைக்கவில்லை. "ட்ரங்க், ட்ரங்க்" என்று அவன் முணுமுணுத்தது பின்னால் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மாமிக்குக் கேட்டது. "ட்ரங்கோ? உதில கிடக்குதெல்லே, ட்ரங்குப் பெட்டி!" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். கலியாணச் சேலையை அவர் வருடக்கணக்காக வைத்திருந்தது அப்படி ஒரு பெட்டியில்தானாம்.

அன்றைக்குத்தான் அவர் கதிரையை இழுத்துப் போட்டார். இந்தக் கேம்களில் வரும் சாமான்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை: அரிக்கன் லாம்பு, மைக்கூடு, கரி போடும் ஸ்திரிக்கைப் பெட்டி, தைக்கும்போது விரலில் மாட்டும் சின்ன உலோகத் தொப்பி. மகன் இவற்றைக் கண்டதே இல்லை. மாமி எல்லாவற்றையும் கையால் தொட்டவர். அவன் பெயரை வாசிப்பான், கையால் செய்து காட்டுவான். அவர் பொருளைப் பிடிப்பார். 'போ' என்று வந்தால் ரிப்பன் முடிச்சா, அம்பு விடும் வில்லா, வயலின் வாசிக்கும் கோலா என்று இருவரும் வழக்காடுவார்கள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் எழுத்து ஒன்றே. தமிழில் மூன்றுக்கும் மூன்று பெயர் என்று அவன் அப்படித்தான் கற்றான்.

இனி, மூன்று கேம்கள்.

மிஸ்ரரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில் (2005)

ஒரு சிறிய ஊரில் நடக்கும் குற்றங்களைத் துப்பறிய வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் ஊரின் சில இடங்களில் பொருள் தேடி, முடிவில் குழம்பிக் கிடக்கும் படத்தைச் சரியாக அடுக்க வேண்டும். பேயும் இல்லை, இரத்தமும் இல்லை. இன்றைய கண்ணுக்குப் படங்கள் பழசாகத் தெரியும். குறை என்னவென்றால், கடிகாரம் ஓடும். நேரம் ஓடுவதைக் கண்டால் மாமிக்குப் பதற்றம் வந்துவிடும், மகன் பாதியைத் தனியே முடித்துவிடுவான். ஒளிப்பு 1, புதிர் 1, கதை 2, காசு 2, கதிரை 1. மொத்தம் 7.

நைட்மெயர்ஸ் ஃப்ரம் த டீப்: த கர்ஸ்ட் ஹார்ட் (2012)

போலந்து நாட்டு ஆர்ட்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனம் செய்தது. ஓர் அருங்காட்சியகப் பொறுப்பாளரின் மகளைச் செத்தும் சாகாத கடற்கொள்ளைத் தலைவன் ஒருவன் கடத்திப் போகிறான். தாய் பின்தொடர்ந்து போய் மீட்க வேண்டும். படங்கள் ஒவ்வொன்றும் சுவரில் மாட்டலாம் போல இருக்கும். எலும்புக்கூடு, சாபம், மந்திரம் எல்லாம் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். மற்றவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் மகளைத் தேடி ஒரு தாய் போகிறாள் என்பதால் மாமி எழும்பாமல் இருந்து பார்த்தார்.

முதலில் ஆடியபோது ஒளிப்புக்கு 1 புள்ளிதான் போட்டோம். இரவுக் கடல், கப்பலின் உள்ளே என்று இருண்ட காட்சிகள் பல. "ஒண்டும் தெரியேல்லை, கறுப்பில கறுப்பை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்பது மாமியின் முறைப்பாடு. நானும் அதையே குறித்து வைத்தேன்.

அன்றிரவு படுக்கப் போகும் முன் மகன் வந்து, "அம்மா, அது கறுப்பு இல்லை. நீலம். அப்பம்மாக்கு நீலம் தெரியேல்லை" என்றான்.

அடுத்த நாள் நான் அவருக்கு முன்னால் கருநீலக் காலுறையையும் கறுப்புக் காலுறையையும் வைத்துக் கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். கண் பரிசோதகர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் கண்புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார். கண்ணின் வில்லை மங்கி மஞ்சளாகும்போது நீல நிறந்தான் முதலில் அடிபடுமாம். மாமிக்கு இது ஒன்றும் புதினமாக இல்லை. ஊரிலேயே மங்கத் தொடங்கிவிட்டதாம். "நீங்கள் ரெண்டுபேரும் வேலைக்கு ஓடுறனீங்கள். உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றார்.

சன்னலோரத்தில் அவர் இருந்தது பனியைப் பார்க்க அல்ல. மடியில் கிடந்த வேதாகமத்தை வாசிக்க வெளிச்சம் தேடித்தான். ஒரு பனிக்காலம் முழுதும் நாங்கள் அவரைக் கடந்து கடந்து போயிருக்கிறோம். பக்கத்தில் இருந்து ஒரே திரையைப் பார்த்தவன்தான் கண்டுபிடித்தான்.

சத்திரசிகிச்சை ஒரு கண்ணுக்கும், சில வாரம் கழித்து மற்றக் கண்ணுக்கும் நடந்தது. பிறகு அதே காட்சியைத் திரும்ப ஆடினார்கள். மாமி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவும் நீலமே!" என்றார். பிறகு என்னிடம், "பிள்ளை, அதுக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடு. பிழை கேமில இல்லை" என்றார். கூட்டிவிட்டேன். ஒளிப்பு 2, புதிர் 1, கதை 1, காசு 2, கதிரை 2. மொத்தம் 8.

ஹிடன் ஃபோக்ஸ் (2017)

நெதர்லாந்தில் ஏட்ரியான் டி யோங் வடிவமைத்து, சில்வன் டெக்ரோக் கையால் வரைந்தது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுதான். காடு, பாலைவனம், நகரம், தொழிற்சாலை என்று பெரிய பெரிய காட்சிகளில் சின்னஞ்சிறு மனிதர்களையும் பொருட்களையும் தேட வேண்டும். பட்டியலில் வெறும் பெயர் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு உண்டு. கூடாரத்தைத் திறக்கலாம், பற்றையை வெட்டலாம், கதவை அடித்துச் சாத்தலாம். எல்லா ஒலிகளும் மனிதர் வாயால் எழுப்பியவை! மகன் ஒரு மிருகத்தின் மேல் கிளிக் செய்ய, மாமி அதே சத்தத்தைத் திருப்பிப் போட, மேல்மாடிக்கும் கேட்கும். கடிகாரம் இல்லை, பயமுறுத்தல் இல்லை, தண்டனை இல்லை. தொடர்கதை என்று ஒன்றும் இல்லை, அதனால் அங்கே ஒன்றைக் குறைத்தேன். உருவங்கள் மிகச் சிறியவை என்பதால் பெரிய திரையில் ஆடுங்கள். ஒளிப்பு 2, புதிர் 2, கதை 1, காசு 2, கதிரை 2. மொத்தம் 9.

நீங்களும் புள்ளி போடுங்கள்

இந்த மாதம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் யாராவது ஆடும் தேடல் கேம் ஒன்றை எடுத்து, இந்த ஐந்து கேள்விக்கும் புள்ளி போட்டு அனுப்புங்கள். தனியே ஆடிப் போட்ட புள்ளியை எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் யார் இருந்தார், அவர் எதைக் கண்டுபிடித்தார், எதைக் கண்டுபிடிக்கவில்லை என்றும் எழுதுங்கள்.

தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் ஒளிந்த அம்மா, முதல் கடிதம் உங்களிடமிருந்து வர வேண்டும். தம்பி, கதிரையை நீங்கள் எடுத்துப் போடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அன்ரி