பொய் நட்சத்திரங்கள் வேண்டாம்

"புதிதாக இணையக் கடை தொடங்குபவர் முதல் சில மதிப்புரைகளைத் தாமே எழுதிப் போட்டுக்கொள்ளலாம், எல்லாரும் செய்வதுதான்" என்று வாதிடுகிறார்கள். எல்லாரும் செய்தாலும் தவறு தவறுதான். வாடிக்கையாளர் வேடத்தில் விற்பவரே மதிப்புரை எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் தடை செய்கின்றன.

சட்டத்தை விடுங்கள். முதல்முறை சுங்குடிச் சேலை வாங்க வருகிறவர் நட்சத்திரங்களோடு நிற்பதில்லை. கடைக்கு முகவரி உண்டா, போன் செய்தால் எடுப்பார்களா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்றும் தேடுகிறார். 2010-இல் ஃபிளிப்கார்ட், பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. முன்பணம் கட்டத் தயங்கியவர்களும் அதனால் துணிந்து வாங்கினார்கள். வாங்குபவரின் பயத்தை மதித்தால்தான் வியாபாரம் வளரும்.

புதுக் கடையும் அதையே செய்யட்டும். சேலையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். முடிச்சுப் போட்ட புள்ளிகளை நெருக்கத்தில் காட்டுங்கள். முதல் துவைப்பில் சாயம் கொஞ்சம் இறங்கும் என்றால் அதையும் எழுதுங்கள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது விதி. நீங்கள் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள்.

மதிப்புரையே இல்லாத கடையைக்கூட ஒருமுறை நம்பிப் பார்ப்பார்கள். பொய் எழுதிப் பிடிபட்ட கடைக்கு யார் திரும்பி வருவார்கள்?