தானியேலோடு எரேமியாவையும் கொடுத்தனுப்புங்கள்



கிறிஸ்து வருகையின் காலம் நெருங்கும்போதெல்லாம், வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஜெபக்குறிப்போடு கைப்பேசியையும் என்னிடம் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. திரையில் ஒரு புகைப்படம் இருக்கும். ஜெர்மனியில் படிக்கும் மகன், விளக்குகள் ஒளிரும் ஒரு சதுக்கத்தில் நண்பர்கள் நடுவே, ஆவி பறக்கும் கோப்பையைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்பான். “கடன் வாங்கிப் படிக்க அனுப்பினோம், ஐயா. இவன் திருவிழா பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்பார்கள்.

ஒரு வார்த்தை சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைப் பெற்றோராகிய உங்களிடமே சொல்ல விரும்புகிறேன். அந்தப் படத்தைப் பார்த்து நான் ஆறுதல் அடைகிறேன். நீங்களும் ஆறுதல் அடையலாம் என்பதே என் கருத்து.

முதலாவது அந்தப் பிள்ளையின் சூழ்நிலையை அறிந்துகொள்ளுங்கள். 2022-23 குளிர்காலப் பருவம் முதல் ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியரே முதலிடத்தில் இருக்கிறார்கள். அதற்கடுத்த ஆண்டில் அவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதே நம்மைப் போன்ற குடும்பங்களை அங்கே ஈர்க்கிறது. ஆயினும் விசாவுக்காக ஓராண்டுச் செலவாகிய 11,904 யூரோவை ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்னும் முடக்கக் கணக்கில் கட்டிக் காண்பிக்க வேண்டும். அதிலிருந்து மாதந்தோறும் எடுக்கக்கூடியது 992 யூரோ. அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, உணவு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே நம் பிள்ளைகள் கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறார்கள். மிதிவண்டியில் உணவுப் பொட்டலம் சுமக்கிறார்கள். அந்த வேலைக்கும் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. டிசம்பரில் காலை எட்டு மணி வரை இருள். பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் மறுபடியும் இருள். இந்த வாழ்க்கையில் ஒரு மாலைப்பொழுது அவன் வெளியே வந்து சிரித்தால், அதை நாம் வீண்செலவின் கணக்கில் எழுதலாமா?

அவன் நின்ற இடம் கிறிஸ்துமஸ் சந்தை. டிரெஸ்டன் நகரின் சந்தை 1434ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. பெரும்பாலான ஊர்களில், மரித்தோரை நினைவுகூரும் ஞாயிறு கடந்த பிறகே சந்தையைத் திறப்பார்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்ற நமக்கு அந்த ஒழுங்கு எளிதில் விளங்கும். பொதுவாக உள்ளே செல்லக் கட்டணம் கிடையாது. மாணவர்கள் அங்கே கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாசனைப் பொருட்கள் சேர்த்த சூடான திராட்சரசமும் விற்பார்கள். சிறுவருக்கென்று மது கலவாத சூடான பழச்சாறும் விற்பார்கள். படத்தைப் பார்த்து எது எதுவென்று எவரும் சொல்ல இயலாது. குடியைக் குறித்து என் ஊழிய நாட்களெல்லாம் நான் போதித்து வந்ததில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைப் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்; அவன் சொல்லும் பதிலை நம்புங்கள். கோப்பையின்மேல் உள்ள சந்தேகத்தினால் சிரிப்பையும் குற்றமாக்கிவிடாதிருங்கள்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைக்கப்பட்டிருக்கும். ரயில் நிலையக் கடைகள், எரிபொருள் நிலையங்கள், சில மணி நேரம் திறந்திருக்கும் ரொட்டிக் கடைகள் போன்றவையே விதிவிலக்கு. ஞாயிறும் பண்டிகை நாட்களும் வேலையிலிருந்து ஓய்ந்திருப்பதற்கும் உள்ளத்தை உயர்த்துவதற்கும் உரியவை என்று 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பு 139ஆம் பிரிவில் பாதுகாப்பு அளித்தது. 1949இல் எழுதப்பட்ட அடிப்படைச் சட்டமும் அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. அன்றைக்குச் சுவரில் துளை போடக் கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருத் தொட்டியில் போட்டு ஓசை எழுப்புவதும் கூடாது. சனிக்கிழமை மாலைக்குள் அரிசி வாங்க மறந்தவன் திங்கள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த அமைதி நம் பிள்ளைகளுக்கு முதலில் இளைப்பாறுதலாய் இருப்பதில்லை. அங்கே சென்ற ஒரு மகள், முதல் சில ஞாயிறுகளின் பிற்பகலில் என்ன செய்வதென்று அறியாமல் அறைக்குள் அழுதுகொண்டிருந்ததாக எனக்கு எழுதினாள். அவள் சோம்பேறி அல்ல. நம் ஓய்வுநாள் பள்ளியில் முதல் பரிசு பெற்றவள். அவளுக்கு ஞாயிறு பிற்பகல் என்று ஒன்று இருந்ததே இல்லை. பதினோராம் வகுப்பு முதல் நாம் அதை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். கடைசி ஆசீர்வாதம் கூறப்படுமுன்னே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ட்யூஷனுக்கு ஓடும் பிள்ளைகளை வாரந்தோறும் நான் பீடத்திலிருந்து காண்கிறேன். வாசலில் வாகனத்தை முடுக்கியபடி காத்திருக்கும் தகப்பன்மாரையும் காண்கிறேன். (நீங்கள் யாரென்று உங்களுக்கே தெரியும்.) யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை வாசித்துப் பாருங்கள். மகனுக்கும் மகளுக்கும், வேலைக்காரருக்கும், மிருகஜீவனுக்கும், வாசல்களுக்குள் இருக்கும் அந்நியனுக்கும் ஓய்வு கட்டளையிடப்பட்டிருக்கிறது. பொதுத்தேர்வு எழுதும் மாணவருக்கு விதிவிலக்கு அங்கே இல்லை.

அந்த மகள் இப்பொழுது ஓய்வைக் கற்றுக்கொண்டு வருகிறாள். காலையில் ஆராதனை. பிற்பகலில் மாணவர் பயணச்சீட்டோடு பக்கத்து ஊருக்கு ரயிலேறி ஆற்றங்கரையில் நடக்கிறாள். மாலையில் விடுதியின் பொதுச் சமையலறையில் ஆந்திராவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்த தோழியரோடு சமைக்கிறாள். சாம்பார் வாசனை எதிர் அறைக்காரருக்குப் பழகிவிட்டதாம். இதை அவள் தாய் “ஊர் சுற்றுகிறாள்” என்கிறார். நாம் இருபது ஆண்டுகளாகக் கற்றுக்கொடாத கட்டளையை அவள் அந்நிய தேசத்தில் கைக்கொள்ளுகிறாள் என்று நான் சொல்லுகிறேன்.

நாம் அஞ்ச வேண்டிய நாள் வேறு. அது டிசம்பர் 24.

அன்று பிற்பகலில் கடைகள் அடைக்கப்படும். சந்தையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். உள்நாட்டு மாணவர்கள் அதற்கு முன்பே வீடு திரும்பியிருப்பார்கள். விடுதி நடைபாதையில் கதவுகள் பூட்டியிருக்கும். மாலை ஆராதனையில் ஆலயம் நிரம்பி வழியும். பாடல் முடிந்ததும் அனைவரும் வாழ்த்துச் சொல்லித் தத்தம் வீட்டுக்குள் சென்றுவிடுவார்கள். அவர்கள் அன்பற்றவர்கள் என்று எண்ணாதிருங்கள். அந்த இரவு அங்கே குடும்பத்துக்குரியது. நமக்கோ கிறிஸ்துமஸ் தெருவுக்குரியது: கேரல் பவனி, வீடு வீடாய்ப் பலகாரத் தட்டு, அதிகாலைப் பனியில் ஆலயமணி. அதில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த அமைதி மிகவும் கனமானது. 25, 26 இரண்டும் விடுமுறை நாட்கள். ஏறக்குறைய இரண்டரை நாள் ஒருவரோடும் பேசாமல் அவன் இருந்துவிடக்கூடும்.

நம் நேரம் அந்நாட்களில் நாலரை மணி முந்தியது. இங்கே அதிகாலை 4 மணிக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனை தொடங்கும்போது அங்கே 24ஆம் தேதி இரவு 11.30. யூடியூப் ஒளிபரப்பைப் பார்ப்பவரின் எண்ணிக்கை ஓரத்தில் தெரியும் அல்லவா? அதில் நம் பிள்ளைகளும் உண்டு. பாடகர் குழு முதல் பாடலை எடுத்தவுடன் அவர்களுடைய வாழ்த்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். நல்லதுதான். ஆனால் இருட்டறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பிள்ளையின் முழுப் பண்டிகையாக இருக்க வேண்டும் என்று எந்தப் போதகனும் விரும்பமாட்டான். பிள்ளைகள் வழிதவறுவார்களோ என்று நாம் இரவெல்லாம் ஜெபிக்கிறோம். அவர்கள் தனித்திருப்பார்களோ என்று கேட்பதில்லை.

இதற்கு நம் பிரசங்கமும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன். வெளிநாடு செல்லும் பிள்ளைக்காக நடக்கும் வழியனுப்பு ஜெபங்களில் பெரும்பாலும் தானியேல் முதல் அதிகாரமே வாசிக்கப்படுகிறது. ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தாத வாலிபன்! அருமையான பகுதி. ஆனால் அதை மாத்திரம் கேட்டுச் செல்லும் பிள்ளை, அந்நிய தேசத்தில் விசுவாசம் என்றால் மேசையை விட்டு எழுந்து போவது என்று மாத்திரம் விளங்கிக்கொள்ளுகிறான். தானியேலும் தனியே உண்ணவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. மூன்று தோழர்கள் அவனோடு மரக்கறி உண்டார்கள்.

அதே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் அவருடைய ஆகமத்தின் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்பதே அதன் கருத்து. சிறைப்பட்டவர்களிடம் தீர்க்கதரிசி தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்! கனி பழுக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்கிறார். எங்கள் வேதசாஸ்திரக் கல்லூரியில் 137ஆம் சங்கீதத்தின் புலம்பலையும் இந்த நிருபத்தையும் அருகருகே வைத்து வாசிக்கக் கற்பித்தார்கள். இரண்டும் ஒரே ஜனத்தாருடையவை. அழவும் வேண்டும், தோட்டமும் நாட்ட வேண்டும்.

நம் வீட்டு முகப்பில் தொங்கும் காகித நட்சத்திரத்தையே எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சகோதர சபையார் தங்கள் விடுதிப் பள்ளிகளில், மிஷனரிகளாய்த் தூர தேசங்களுக்குச் சென்றவர்களின் பிள்ளைகளை வளர்த்தார்கள். பெற்றோர் கடலுக்கு அப்பால், பிள்ளைகள் விடுதியில். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பள்ளிகளில் வடிவக் கணிதப் பாடமாகப் பல முனைகளுள்ள காகித நட்சத்திரத்தைச் செய்யக் கற்பித்தார்கள். வருகையின் முதலாம் ஞாயிறன்று அதற்குள் விளக்கேற்றுவது வழக்கமாயிற்று. இன்று அந்நாடெங்கும் ஜன்னல்களில் ஒளிரும் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம், தாய்தகப்பனைப் பிரிந்த மாணவர்கள் தங்கள் கையால் செய்த பண்டிகைப் பொருள். நம் மகன் விடுதி ஜன்னலில் அதைத் தொங்கவிட்டுப் படம் அனுப்பினால், “இது எத்தனை யூரோ?” என்று கேட்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காதிருங்கள்.

தீபாவளிக்கு இந்திய மாணவர் சங்கத்தார் அழைக்கிறார்கள், போகலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பூஜையில் பங்குகொள்வதும் பந்தியில் அமர்வதும் வேறு வேறு என்று அறியும் பகுத்தறிவு அவர்களுக்கு உண்டு. பந்தியில் அமரட்டும். அந்த நண்பர்களையே 24ஆம் தேதி இரவு தன் அறைக்கு அழைத்துச் சோறு பரிமாறட்டும். கொண்டாட்டம் இல்லாத வெறும் மூன்று நாட்கள்தான் அவர்களுக்கும். பண்டிகையில் அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் உன்னோடே மகிழ வேண்டும் என்கிற உபாகமம் 16ஆம் அதிகாரத்தின் பந்திக்கு, விடுதிச் சமையலறையைவிடப் பொருத்தமான இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

அப்படிச் சொல்லும் நாமும் நம் வாசலைப் பார்க்க வேண்டும். கட்டட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டுக்கு வந்திருப்போரில் கிறிஸ்தவர்கள் உண்டு. கல்லூரி விடுதிகளில் வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, மொழி புரியாமல் ஆராதித்து, வாசல் வழியே ஓசையின்றிச் சென்றுவிடுகிறார்கள். இவ்வாண்டு அசனப் பந்தியில் அவர்களுக்கு இலை போட வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பந்தியைக் குறித்து நீங்களே தீர்மானியுங்கள்.

இனி, செய்ய வேண்டிய சில காரியங்கள். ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் ‘இ.எஸ்.ஜி.’ என்னும் சுவிசேஷச் சபை மாணவர் ஐக்கியம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களோடு சேர்ந்து சமைத்து உண்ணும் மாலைகளை நடத்துகிறார்கள். எந்த நாட்டவரும் போகலாம். உங்கள் பிள்ளையின் நகரத்தை எனக்குத் தெரிவித்தால், அங்கே ஐக்கியம் உண்டா என்று பார்த்துச் சொல்வேன். ஞாயிறு மாலை தொலைபேசியில் “ஆலயத்துக்குப் போனாயா?” என்று கேட்டபின், “யாரோடு சாப்பிட்டாய்?” என்றும் கேளுங்கள். பலகாரம் அனுப்புவோர் நவம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். பாலில் செய்த இனிப்பும் இறைச்சி ஊறுகாயும் ஐரோப்பியச் சுங்கத்தைத் தாண்டாது. நெய் சேர்க்காத முந்திரிக்கொத்து போகும். ஒருவனுக்கு வேண்டிய அளவைவிடச் சற்று அதிகமாகவே வையுங்கள்; அந்த நடைபாதையில் இன்னும் சில கதவுகள் இருக்கின்றன.