வீட்டில் இருப்பதே அலங்காரம்

தீபாவளி முடிந்த கையோடு கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலங்கள் அகற்றப்படுகின்றன. அந்த இடத்தில் மாடி உயரத்திற்குக் கிறிஸ்துமஸ் மரங்கள் எழுகின்றன. பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா அன்னை தேவாலயத்திற்கும் கிள்ளான் லூர்து அன்னை தேவாலயத்திற்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்களிலும் அப்போதே மரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. பேரங்காடியில் கண்ட மரத்தைப் போலவே வீட்டு மரமும் மின்ன வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகின்றனர். ஆனால், பேரங்காடி மரம் வாடிக்கையாளரை ஈர்ப்பதற்காக வைக்கப்படுவது. அதன் அடியில் அடுக்கப்பட்ட பரிசுப் பெட்டிகள் பெரும்பாலும் வெறும் பெட்டிகளே! அதனை வீட்டு மரத்திற்கு அளவுகோலாகக் கொள்வது பொருத்தமன்று.

கிறிஸ்துமஸ் மரத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு, ஸ்ட்ராஸ்பர்க் நகர மக்கள் வீட்டு மரங்களில் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் இனிப்புகளையும் தொங்கவிட்டதைக் கூறுகிறது. ஜெர்மனியின் லௌஷா ஊரில் செய்யப்பட்ட கண்ணாடி உருண்டைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவின. விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848இல் இலண்டன் இதழொன்று வெளியிட்ட பிறகு, இவ்வழக்கம் இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது. ஆகவே, கடையில் வாங்கிய அலங்காரம் பின்னாளில் வந்து சேர்ந்ததே. கையில் கிடைத்ததைக் கொண்டு அலங்கரிப்பதே பழைய முறை.

கையில் கிடைப்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் பஞ்சமில்லை. தீபாவளிக்கு வாசலில் தொங்கிய மின்விளக்குச் சரம் பெட்டிக்குள் இருக்கும். தெங்கு கிளானா சாலையில் வாங்கிய கண்ணாடி வளையல்களுள் சில, அளவு பொருந்தாமல் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை நூலில் கோத்துத் தொங்கவிட்டால் விளக்கொளியில் எந்தக் கண்ணாடி உருண்டைக்கும் குறையாமல் மின்னும். கிழிந்த சேலையின் சரிகைக் கரையை மரத்தைச் சுற்றி மாலையாகப் போடலாம். பொன்னிற எழுத்துகளுடன் வந்த திருமண அழைப்பிதழ்கள் நட்சத்திரங்களாக வெட்டுவதற்கென்றே அச்சடிக்கப்பட்டவை போல் தடிமனாக இருக்கின்றன. இவற்றையெல்லாம்விடச் சிறந்தவை பண உறைகள். சீனப் புத்தாண்டின் சிவப்பு அங்பாவ் உறை, நோன்புப் பெருநாளின் பச்சை உறை, தீபாவளியின் ஊதா உறை ஆகியவற்றை மடித்து ஒட்டினால் சிறு கூண்டு விளக்குகள் கிடைக்கும். மலாய் நண்பர்களிடம் கற்ற கெத்துப்பாட் பின்னலை ரிப்பனில் பின்னித் தொங்கவிடும் பிள்ளைகளும் உண்டு. இத்தகைய மரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

“வீட்டிற்கு வரும் விருந்தினர் என்ன நினைப்பார்கள்?” என்பதே பெற்றோர் பலரின் தயக்கம். அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திறந்த இல்ல உபசரிப்பில் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடுவர். இல்லாமையை மறைக்க நினைப்பது மனித இயல்பு. ஆயினும், புத்தாடை, பலகாரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என ஆண்டிறுதியில் நெருக்கும் தேவைகளுக்கிடையே, சில வாரங்கள் மட்டுமே நிற்கும் அலங்காரத்திற்குக் கடன்படுவது எப்படிச் சரியாகும்? மேலும், கடைச் சரிகையைப் பார்த்து எவரும் கேள்வி கேட்பதில்லை. பாட்டியின் சேலைக் கரையைக் கண்டாலோ, “இது யாருடையது?” என்று கேட்கத் தோன்றும், அங்கே ஒரு குடும்பக் கதையும் தொடங்கும்.

கழிவைப் பற்றியும் சிந்திக்க வேண்டியுள்ளது. கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் கழிவுகளைத் தரம் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. மின்னும் ஜிகினாச் சரமோ ஞெகிழியின் மேல் உலோகம் பூசப்பட்டது. அதை மறுசுழற்சி செய்வது கடினம். செயற்கை மரமும் அப்படித்தான். எனினும், வீட்டில் ஏற்கனவே செயற்கை மரம் இருந்தால் அதை எறிந்துவிட்டு “இயற்கை” மரம் தேடுவது வீண்வேலை. பழைய மரத்தையே ஆண்டுதோறும் நிறுத்துவதுதான் உண்மையான மறுபயனீடு. அதுபோலவே, காணொளியைப் பார்த்துக் கைவினை செய்வதற்கெனப் புதிய பசை, வண்ணம், மினுமினுப்புத் தூள் என்று கூடை நிறைய வாங்குவோரும் சிக்கனம் செய்வதாகச் சொல்ல முடியாது.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. பழைய மின்விளக்குச் சரத்தின் கம்பி வெடித்திருந்தாலோ செருகி சூடேறினாலோ அதை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். காகிதமும் பஞ்சும் துணியும் தொங்கும் மரத்தில் தீப்பொறி விழ இடங்கொடுக்கலாகாது. உறங்கச் செல்லும் முன் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

சனவரியில் மரத்தைக் கழற்றும்போது வளையல்கள் பெட்டிக்குத் திரும்பும்; சேலைக் கரையும் மடித்து வைக்கப்படும். சிவப்பு உறைகளால் செய்த கூண்டு விளக்குகளை மட்டும் உள்ளே வைக்கத் தேவையில்லை. சீனப் புத்தாண்டு நெருங்கிவிடும். எதிர்வீட்டுச் சீன நண்பரின் வாசலில் தொங்கவிட அவற்றைக் கொடுத்துவிடலாம்.