மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு?



இதழ் இந்த முறையும் தாமதம். காகித விலை, அச்சகத்தில் நிற்கும் பழைய பாக்கி, என் வங்கி வேலை எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தைத் தின்றுவிட்டன. சந்தா அனுப்பாதவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

பருவநிலை மாற்றம் பற்றித் தலையங்கம் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். 'அது என்.ஜி.ஓ. சமாச்சாரம்பா, ஏ.சி. ஹால்ல உக்காந்து பேசறது. நமக்கு வேங்கைவயல் இருக்கு, ஆணவக் கொலை இருக்கு' என்றார் ஒருவர். நியாயமான பேச்சுதான். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த நாடு இது. இங்கே வானம் சூடாவதைப் பற்றிப் பேச ஏது நேரம்? ஆனால் தாம்பரத்தில் குடியிருக்கிறவனுக்கு இந்தப் பேச்சைத் தள்ளிப்போட வழியில்லை. டிசம்பர் வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. எந்த வீட்டில் முதலில் ஏறும், எந்த வீட்டிலிருந்து கடைசியாக வடியும் என்பதைச் சாதி எப்போதோ எழுதி வைத்துவிட்டது.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்கக் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பூமி வெளியே விட வேண்டிய வெப்பத்தை அது போர்வை மாதிரி பிடித்து வைக்கிறது. 2024ஆம் ஆண்டு பழைய சராசரியைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி சூடாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்குச் சொல்கிறது. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். யார் எரித்த கரி இது? 1990 முதல் 2015 வரை உலகம் வெளியிட்ட வாயுவில் பாதிக்கு மேல் பணக்காரப் பத்து சதவீதத்தாருடையது, ஏழைப் பாதி உலகத்தின் பங்கு வெறும் 7 சதவீதம் என்று ஆக்ஸ்பாம் 2020இல் கணக்குப் போட்டது. ஒரு மின்விசிறியும் இரண்டு பல்பும் வைத்திருக்கிற பெரும்பாக்கத்துக் குடும்பம் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது உலகக் கணக்கு. நம்மூர்க் கணக்கு வேறு.

2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை. அந்த மாதத்துச் சராசரி 400ஐ ஒட்டித்தான். ஏரிகள் எல்லாம் நிரம்பித் தளும்பி நின்றபோது டிசம்பர் 1ஆம் தேதி பிடித்த மழை தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வருஷம் பசிபிக் கடலில் பெரிய எல் நினோ. அப்போது பலரும் சொன்னார்கள், 'இது பருவநிலை மாற்றம், நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை, யார் என்ன செய்ய முடியும்?' ஆனால் அந்த மழையையே எடுத்து ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு 2016இல் வேறு விதமாக எழுதியது. அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் பங்கு என்று எதையும் தங்களால் கண்டறிய முடியவில்லை என்றது. இதனால் புவி சூடாகவில்லை என்று அர்த்தமில்லை. இனி வரும் மழை இன்னும் மோசமாகக் கொட்டும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. நான் சொல்ல வருவது, நம்மை மூழ்கடிக்க வானம் முழுசாகக் கெட்டுப்போக வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. தரையே போதுமானதாக இருந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியிருக்கிறது.

அந்தக் காலத்தில் விதி என்றார்கள், கர்மா என்றார்கள். போன பிறவியில் செய்த பாவத்துக்கு இந்தப் பிறவியில் சேரி. இப்போது அதே நாற்காலியில் 'பருவநிலை' என்ற சொல்லைக் கொண்டுவந்து உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். பாவம் செய்தவன் யாரோ, அனுபவிப்பவன் நாம் என்கிற ஏற்பாட்டில் மட்டும் மாற்றமில்லை.

தாம்பரத்தின் தரையைப் பாருங்கள். ரயில் பாதைக்கு மேற்கே விழுகிற மழை பெரும்பாலும் அடையாற்றுக்குப் போகும். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான் எல்லாம் என்று பேசிப் பேசியே பழகிவிட்டோம். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். அதற்கு மேலே இருக்கிற முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீரில். கலங்கல் தாண்டி வருகிற தண்ணீருக்குப் போக்குக் கால்வாய் வேண்டும். கால்வாய் இருந்த இடத்தில் மனை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை கரை மாதிரி உயர்ந்து நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம், அதே படகு.

செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் ஜில்லா என்பார்கள். அந்த ஏரிகளின் மதகைத் திறந்து மூடியவர்கள் யார்? நீர்க்கட்டி, கம்புகட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு, ஆள் பெரும்பாலும் சேரிக்காரர்தான். எந்த மதகில் எவ்வளவு திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையில் போகும் என்பது அவர்கள் தலைக்குள் இருந்தது. கரை உடைகிற ராத்திரியில் மண்மூட்டையோடு நின்றதும் அவர்கள்தான். ஏரித் தண்ணீரைப் பங்கு பிரித்துக் கொடுத்தவனுக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஊர்க் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் கிடையாது. பிறகு வயல் மனையானது, ஏரி நகரானது. அந்த அறிவும் அதோடு போயிற்று. இப்போது வெள்ள வரைபடம் போட லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். போடட்டும். அந்தக் கிழவர்களில் மிச்சம் இருப்பவர்களை ஒரு தடவையாவது கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்களா?

ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். இதைப் பழைய கதை என்று தள்ள முடியாது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையில், பறையர்கள் குடியிருக்கிற குடிசையடி மண்கூட மிராசுதாரர் கையில் இருக்கிறது என்று எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதில் எவ்வளவு இன்று நம் கையில்? கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கிச் சூடு. காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் போராட்டத்தை இன்றைக்கு நான் பருவநிலைப் போராட்டம் என்றும் படிக்கிறேன். உயரமான, நமக்கென்று பட்டா உள்ள நிலம் இருந்திருந்தால் ஆற்றோரத்துக்கு யார் போயிருப்பார்கள்?

வங்கியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தினப்படி தெரியும். சதுப்பையொட்டி எழும்பிய அடுக்குமாடிக்கு வீட்டுக் கடன் கேட்டு வருகிற பைலில் எல்லாம் சுத்தமாக இருக்கும். அனுமதி, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துரை, எதிலும் 'ஏரி' என்ற சொல்லே இருக்காது. மூன்று தலைமுறையாகப் புறம்போக்கில் குடியிருக்கிறவர் வந்தால் கையில் மின்கட்டண ரசீது மட்டும் இருக்கும். அதை வைத்துக் கடன் தர விதி இல்லை. விதி என்றால் இரண்டு அர்த்தத்திலும்தான். 2015 வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்கு 10,000, மற்றவர்களுக்கு 5,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுவதாக அரசு அறிவித்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கவுண்டருக்கு முன்னால் நனைந்த பாஸ்புக்கை வெயிலில் காய வைத்து எடுத்து வந்த கூட்டம். மை கரைந்து எண் தெரியாது. ஒரு அம்மா ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மாருக்குள் வைத்துக் காப்பாற்றி வந்திருந்தார். 'ஊட்ட விட்டுட்டேன் தம்பி, இத்த உடல' என்றார். வீட்டைவிட அட்டை முக்கியம் என்று நம் ஜனம் கற்றுக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு இருந்தவர்கள், கணக்கே இல்லாதவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். வரிசையில் நின்ற வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், 'இவங்களுக்கு வருஷா வருஷம் வெள்ளம் வந்தா நல்லதுதான்' என்று சிரித்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. மாடியில் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு மாடி போதும்.

முடிச்சூரில் மூழ்கியது நம் தெரு மட்டும் இல்லை, கடன் வாங்கி மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் மூழ்கின. அவர்கள் கண்ணீரை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் கேட்கிறேன். ஆற்றை மீட்கிறோம் என்று கிளம்பியவர்கள் யாரை அப்புறப்படுத்தினார்கள்? அடையாற்றங்கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் நம் மக்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அந்த ஆற்றின் மேலேயே பாலம் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. 2015இல் அந்த நிலையமும் மூழ்கிச் சில நாள் மூடிக் கிடந்தது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை, லாரியில் ஏற்றவில்லை.

அனுப்பிய இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பள்ளம். 1960களில் ஐயாயிரம் எக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. குப்பைமேடு, ரயில் நிலையம், சாலை, கணினிக் கம்பெனிகள் என்று தின்றது போக மிஞ்சியதுக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. காற்றாலை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமே அந்தச் சதுப்பில்தான் கட்டப்பட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்த ஓரத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டடுக்கில் கட்டி, வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஆற்றங்கரைக்காரர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மிக்ஜாமில் கீழே தண்ணீர், மேலே மின்சாரமும் லிப்ட்டும் இல்லை. வெள்ளத்திலிருந்து வெள்ளத்துக்கு மாற்றல். வங்கியில்கூட இடமாற்றம் கேட்டால் ஊரைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றியாயிற்று. கண்ணகி நகர் என்று முகவரி எழுதினாலே வேலை தர யோசிக்கிற முதலாளிகள் மாறவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை அள்ளியது யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015இல் வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்தார்கள். கையுறை இல்லை, படுக்க இடமில்லை, செத்த மாட்டையும் மலத்தையும் வெறுங்கையால் அள்ளினார்கள். நகரம் அதை 'சென்னையின் மீண்டெழும் உணர்வு' என்று கொண்டாடியது. அந்த வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் அள்ளிக்கொண்டு போனது போலீஸ்.

வெள்ளம் சத்தம் போட்டு வருகிறது, வெயில் சத்தமில்லாமல் வருகிறது. போரூர் ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரண்டு மடங்கு என்று வருகிறது. செங்கல் சூளையில், உப்பளத்தில், வயலில் நிற்பவள் யார் பெண்? அந்த வருஷமே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு நல்லதுதான். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வேலை நிறுத்தம், நிறுத்திய நேரத்துக்குக் கூலி. அது வராத வரைக்கும் அந்த அறிவிப்பு செத்த பிறகு தருகிற நஷ்ட ஈட்டுக்கான தாள்.

என்ன செய்யலாம்? மரம் நடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, நட இடம் இருப்பவர்கள் நடட்டும். பஞ்சமி நில மீட்பை வெள்ளக் கோரிக்கையோடு சேர்க்க வேண்டும்: இடம் மாற்றினால் அதே வட்டாரத்தில், மேட்டில், பெண்கள் பெயரில் பட்டாவோடு. ஆதனூரிலிருந்து அடையாறு வரை, செம்பாக்கத்திலிருந்து ஒக்கியம் மடுவு வரை போக்குக் கால்வாய்களில் யார் எந்தச் சர்வே எண்ணில் கட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் வெளியே வர வேண்டும். குடிசையை இடிப்பதற்கு முன் அந்தப் பட்டியலின் தலையில் இருப்பவரிடமிருந்து தொடங்கட்டும். நிவாரணத்துக்குப் பாஸ்புக்கும் பட்டாவும் நிபந்தனையாக இருக்கக் கூடாது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் நம் பெண் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மகிழ்ந்தோம், பட்டாசு வெடித்தோம். எந்தத் தெருவுக்கு முதலில் மழைநீர்க் கால்வாய் என்று எழுதுகிற பேனா யார் கையில் என்று வார்டு கூட்டத்துக்குப் போய்க் கேட்கிற வேலை நம்முடையது. அங்கே நாம் போவதில்லை.

அடுத்த இதழுக்காக ஒரு வேலை. உங்கள் சேரியின் பெயர், பக்கத்து ஏரியின் பெயர், அதன் கலங்கல் எந்தத் திசையில், 2015இலும் 2023இலும் எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, ஊர்த் தெருவில் எவ்வளவு நின்றது, எத்தனை நாளில் வடிந்தது என்று எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஜனவரிக்குள் வந்து சேரட்டும். வந்ததை எல்லாம் அப்படியே அச்சிடுகிறேன்.